முனை மாறினால் தண்டும் மாறும்

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் வில் அம்புப் பட்டறைக்குப் போன மாதம் ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். பிள்ளைக்கு 14 வயது, வலக்கைக்காரி.

"அண்ணே, ரெண்டு வாரமா அம்பெல்லாம் வலப்பக்கமே போவுது. நாண விடுறது சரியில்லன்னு கோச் திட்டுறாரு."

பிள்ளை தலை நிமிரவில்லை. அம்பைத் திருப்பிப் பார்த்தேன். முனை 120 கிரெயின் (முனையின் எடையை இந்த அளவில்தான் சொல்வோம்). நான் கட்டிக் கொடுத்தபோது 100தான். கனமான முனை போட்டால் காற்று அவ்வளவாகத் தள்ளாது என்று கூட்டாளி யாரோ சொல்லியிருக்கிறான். பொய்யில்லை. பாதி சொல்லியிருக்கிறான், அவ்வளவுதான்.

தண்டில் 700 என்று அச்சிட்டிருக்கும். 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் தண்டை வைத்து, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் 0.700 அங்குலம் தொய்கிறது என்று அர்த்தம். எண் ஏற ஏற விறைப்பு குறையும். ஆனால் அது அசையாமல் கிடக்கும் தண்டின் கணக்கு. நாண் உதைக்கும்போது கணக்கே வேறு.

விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை எடுத்து, நுனியில் எலுமிச்சம்பழத்தைக் குத்தி, அடியிலிருந்து வெடுக்கென்று தள்ளிப் பாருங்கள். பழம் நகர அடம்பிடிக்கும், நடுவில் ஈர்க்கு வளையும். பழத்தை எடுத்துவிட்டால் அந்த வளைவு இருக்காது. அம்பிலும் அதேதான். முன்பக்கம் கனம் கூடினால் தண்டு இளகினதுபோல் நடக்கும்; வலக்கைக்காரர் எய்தால் அப்படிப்பட்ட அம்பு வலப்பக்கம் போகும். முனையைப் பிடிக்கத் தண்டுக்குள் செருகும் அலுமினிய இன்செர்ட்டை எடுத்துப் பித்தளை போட்டாலும் இதே விளைவு. பின்பக்கக் கனம் நேர்மாறு: விளக்கு எரியும் நாக் (நாணில் மாட்டும் வால்துண்டு), இறகுக்கடியில் ஒட்டும் வண்ண ஸ்டிக்கர் எல்லாம் தண்டைக் கொஞ்சம் விறைப்பாக்கும்.

"தண்டை அரை அங்குலம் வெட்டிடலாமா?" என்றார் அப்பா. வெட்டினால் விறைக்கும், உண்மை. ஆனால் வளரும் பிள்ளை. அடுத்த வருஷம் கை நீண்டு இழுப்பு கூடும்போது, குட்டை அம்பு, வில்லில் அதைத் தாங்கும் ரெஸ்டிலிருந்து பின்னால் நழுவி வில் பிடித்த கையிலேயே பாயலாம். பெற்றோர் பலருக்கு இது தெரிவதில்லை. வெட்டியதை ஒட்டவும் முடியாது. அதனால் நான் முதலில் முனையில்தான் கைவைப்பேன்.

ஹாட் மெல்ட் பசைதான் போட்டிருந்தது. முனையை வெந்நீரில் பிடித்து, இடுக்கியால் உருவி, எடை குறைக்கவென்றே முனையின் வாலில் இருக்கும் வளையம் இரண்டை ஒடித்தேன். 120, 110, 100. லைட்டர் நெருப்பில் மட்டும் காட்டாதீர்கள், கார்பனைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் கெட்டுவிடும். மாட்டியதும் ஒவ்வொரு அம்பையும் காதருகே மெல்ல வளைத்துப் பார்த்தேன். சடசடவென்று சத்தம் வந்தால் அந்த அம்பு குப்பைக்கு. விரிசல் விட்ட கார்பன் நாணில் நொறுங்கினால் சிம்பு கைக்குள் ஏறும்.

சனிக்கிழமை திடலில் 18 மீட்டரில் எய்யச் சொன்னேன். தண்டின் நடத்தையை அப்படியே காட்டும் இறகு ஒட்டாத சோதனை அம்பு முதலில் ஒரு சாண் வலப்பக்கம் போனதாம். இப்போது மற்ற அம்புகளிலிருந்து நாலு விரற்கடை தள்ளி நின்றது. அந்த நாலு விரல் அவள் நாணை விடுவதில்தான் இருக்கிறது. அதை அப்பா இருக்கும்போது நான் சொல்லவில்லை.