வரைபடத்தைச் சுவரிலிருந்து இறக்குங்கள்

நைல் நதி எந்தத் திசையில் பாய்கிறது என்று ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ கேட்டுப் பாருங்கள். கை தூக்குகிறவர்களில் பலர் "தெற்கு" என்பார்கள். ஏன் என்றால் காரணமும் தயாராக இருக்கும்: "தண்ணி மேலேர்ந்து கீழதான சார் வரும்." நைலோ தெற்கிலிருந்து வடக்காக 6,600 கிலோமீட்டருக்கு மேல் ஓடி மத்தியதரைக் கடலில் சேர்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? நம் வைகையே வருசநாட்டு மலையில் பிறந்து முதலில் வடக்கு நோக்கித்தான் ஓடுகிறது. பிறகுதான் கிழக்கே திரும்பி, தென்கிழக்காக மதுரைக்கு வருகிறது. அதையும் தேர்வில் தெற்கு என்றே எழுதுகிறார்கள். இந்தக் காலாண்டிலும் அதே விடை, ஒரே விடைத்தாள் கட்டுக்குள் இத்தனை தாளிலா என்று பேனாவைக் கீழே வைக்கும் அளவுக்கு.

பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை. ஆசிரியர்களாகிய நாம் சொல்லிக்கொடுத்ததை அப்படியே கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

தேசியப் பாடத்திட்ட அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. 2017-இல் வெளியிட்ட கற்றல் விளைவுகளில், அதாவது ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளைக்கு வர வேண்டிய திறன்களின் பட்டியலில், ஆறாம் வகுப்புக்கு ஒன்று இருக்கிறது: சமதளப் பரப்பில் திசைகளைக் கண்டறிகிறார். அந்த 'சமதளம்' என்ற சொல் காரணத்தோடுதான் அங்கே இருக்கிறது. பாடக்குறிப்பேட்டில் இதை அழகாக எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிடுகிறோம். வகுப்புக்குப் போனதும் வரைபடத்தைச் சுவரில் ஆணியடித்து மாட்டி, குச்சியை நீட்டி, "மேலே வடக்கு, கீழே தெற்கு, வலது கிழக்கு, இடது மேற்கு" என்று நான்கு முறை சொல்ல வைக்கிறோம். விளைவு கேட்பது சமதளம், நாம் காட்டுவது செங்குத்துச் சுவர். கோளாறு தொடங்கும் இடம் அதுதான்.

சுவரில் தொங்கும் படத்தில் வடக்கு கூரையைக் காட்டுகிறது. பிள்ளையின் கண்ணுக்கு இமயமலை உச்சியில், கன்னியாகுமரி அடியில். இமயமலை உண்மையிலேயே உயரம், குமரி உண்மையிலேயே கடலோரம் என்பதால் இந்தத் தப்பு இந்திய வரைபடத்தில் பிடிபடாமல் தப்பித்துக்கொள்கிறது. நைலும் வைகையும் வரும்போதுதான் வெளியே தெரிகிறது. வரைபடத்தின் மேற்பக்கத்துக்கும் நிலத்தின் உயரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வடக்கைத் தாளின் தலைப்பக்கம் வைப்பது அச்சிடுகிறவர்களின் வழக்கம், அவ்வளவே. தெற்கைத் தலைப்பக்கம் வைத்து அச்சிட்டாலும் அது சரியான வரைபடம்தான். வைகை அப்போதும் மதுரை வழியாகத்தான் போகும்.

தமிழ்ப் பிள்ளைக்கு இதில் இன்னொரு குழப்பமும் சேர்கிறது. அவன் ஊரில் மேலத்தெரு என்றால் மேற்குத் தெரு, கீழத்தெரு என்றால் கிழக்குத் தெரு. மதுரையில் மேல மாசி வீதி கோயிலுக்கு மேற்கே இருக்கிறது. மேல், கீழ் என்ற சொற்களிலிருந்தே மேற்கும் கிழக்கும் வந்தன. மேற்கே மலைத்தொடர், கிழக்கே கடல் என்று சரியும் நிலத்தில் பிறந்த சொற்கள். மலை கிழக்கே இருக்கும் கேரளத்திலும் கிழக்கு கிழக்காகவே நின்றுவிட்டது, மேற்குதான் சூரியன் படியும் திசையாகப் 'படிஞ்ஞாறு' ஆனது. வீட்டில் 'மேல' என்றால் மேற்கு என்று பழகிய குழந்தையிடம் பள்ளியில் 'மேலே' என்றால் வடக்கு என்கிறோம். ஆகவே கண்டிப்பாக ஒரு விதி: வரைபடப் பாடத்தில் மேலே, கீழே, இடது, வலது என்ற நான்கு சொற்களும் வேண்டாம். "சேலத்துக்கு வடக்கே தருமபுரி" என்று மட்டுமே சொல்லுங்கள். முதல் வாரம் நாக்கு தடுமாறும். பரவாயில்லை.

இனி, பாடத்தைத் தரைக்குக் கொண்டுவருவோம். நான்கு பீரியட் போதும்.

முதலில் வடக்கைக் கண்டுபிடிக்க வேண்டும், வாயால் சொல்லிவிடக் கூடாது. மைதானத்தில் 60 செ.மீ. வெளியே தெரியும்படி நேரான குச்சி ஒன்றை நடுங்கள். செங்குத்தாக நிற்கிறதா என்று நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு இரண்டு பக்கத்திலிருந்தும் பாருங்கள். குச்சி சாய்ந்தால் எல்லாம் சாயும். காலை பத்தேகால் வாக்கில் நிழல் நுனியில் ஓர் ஆணி. குச்சியின் அடியை மையமாக வைத்து, அந்த நிழல் நீளத்துக்கு ஒரு வட்டம். பிற்பகல் இரண்டு இருபது வாக்கில் நிழல் நுனி மறுபடி வட்டத்தைத் தொடும். அங்கே இன்னோர் ஆணி. இரண்டையும் இணைக்கும் கோடு கிழக்கு மேற்கு, காலை ஆணி இருப்பது மேற்குப் பக்கம். அதற்குச் செங்குத்தான கோடு வடக்கு தெற்கு. கோயில் கட்டும் ஸ்தபதிகள் சங்கு என்ற நிழல்குச்சியை நட்டுத் திசை பார்த்த அதே முறை. பிற்பகலில் மேகம் மறைத்துவிடும் என்பதால் காலையில் கால் மணிக்கு ஒன்றாக நான்கு குறிகளும் நான்கு வட்டங்களும் போட்டுவையுங்கள், ஏதாவது ஒன்று உதவும். குறி வைக்கும் நேரம் தவிர பிள்ளைகள் மரநிழலில் இருக்கட்டும். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது, இதை இரண்டு முறை சொல்லுங்கள்.

"நண்பகல் நிழல் வடக்கே விழும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 18 வாக்கு வரையிலும், கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 முதல் செப்டம்பர் தொடக்கம் வரையிலும் நண்பகலில் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. நிழல் தெற்கே விழும். பள்ளி திறந்து இந்தப் பாடம் நடத்தும் ஜூன், ஜூலையில் அந்த வாக்கியம் தமிழ்நாடு முழுக்கத் தவறு. அதேபோல, சூரியன் சரியாகக் கிழக்கில் உதிப்பது மார்ச் 21, செப்டம்பர் 23 வாக்கில் மட்டுமே. ஜூன் கடைசியில் நம் பக்கத்தில் கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி வடக்கே தள்ளி உதிக்கிறது. செல்போன் திசைகாட்டியை ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்ளலாம், ஆனால் இரும்பு பெஞ்சின் மேலும் கேட் பக்கத்திலும் வைத்தால் முள் எங்கெங்கோ திரும்பும்.

அடுத்து அளவை, அதாவது தரையின் தூரத்தைத் தாளில் எந்த விகிதத்தில் சுருக்குகிறோம் என்பது. 60 மீட்டருக்கு 40 மீட்டர் மைதானம் என்றால் 1 செ.மீ.-க்கு 2.5 மீட்டர் என்று வையுங்கள். 24-க்கு 16 செ.மீ. ஆகி ஏ4 தாளில் அடங்கும். அதாவது 1:250. டேப் இல்லாவிட்டால் பருத்திக் கயிறு போதும். மீட்டருக்கு ஒரு முடிச்சு போடாதீர்கள், முடிச்சு கயிற்றைத் தின்னும். வண்ண நூல் கட்டுங்கள். நைலான் இழுத்தால் நீளும், வேண்டாம். நிலம் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளை வீட்டிலுள்ள புலப்படத்தின் (நிலத்தின் எல்லைகளைக் காட்டும் அளவைப் படம்) நகலைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதில் அளவையும் வடக்கும் குறித்திருக்கும். 1:2000 என்பதன் பொருளை அப்பா நிலத்தை வைத்துப் புரிந்துகொண்ட குழந்தைக்குப் அளவையை இப்படி விகிதமாக எழுதும் பிரதிபின்ன முறையைத் தனியாக மனப்பாடம் செய்யத் தேவையிருக்காது.

மூன்றாவது பீரியடில்தான் ஆறு. தமிழ்நாட்டு வரைபடத்தைத் தரையில் விரித்து, அதன் வடக்கு மைதானக் கோட்டின் வடக்கோடு பொருந்துமாறு திருப்பி வையுங்கள். பிள்ளைகள் சுற்றி நிற்கட்டும். ஒருவனுக்குத் தலைகீழாகத் தெரிவது இன்னொருத்திக்கு நேராகத் தெரியும். அதுதான் பாடம். பக்கத்தில் ஒரு தட்டில் களிமண்ணைச் சரிவாகப் பரப்பி, விரலால் வாய்க்கால் கீறி, உயரப் பக்கத்தைத் தெற்கே வைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். வடக்கே ஓடும். தட்டைத் திருப்பி உயரப் பக்கத்தை மேற்கே வைத்து மறுபடி ஊற்றுங்கள். பிறகு காவிரியோரம் உயரங்களை எழுதச் சொல்லுங்கள்: தலைக்காவிரி சுமார் 1,300 மீட்டர், மேட்டூர் நிரம்பினால் நீர்மட்டம் சுமார் 240, திருச்சி சுமார் 80, தஞ்சாவூர் சுமார் 60, பூம்புகாரில் கடல். பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணுக்கு அம்புக்குறி. ஆறு திசையைப் பார்த்து ஓடவில்லை, சரிவைப் பார்த்து ஓடுகிறது என்பதை நீங்கள் சொல்லாதீர்கள். அவர்களே சொல்லும்வரை பொறுத்திருங்கள்.

நான்காவதில் அட்லஸ். நில உயரத்தை நிறங்களால் காட்டும் இயற்கையமைப்புப் படத்தில் பச்சை என்றால் காடு என்று நினைப்பார்கள். அது தாழ்வான நிலம். குஜராத்தின் கட்ச் ரண் உப்புவெளி பச்சையாக இருப்பதைக் காட்டினால் போதும், கேள்வி தானாக வரும்.

சுவரில் மாட்டியே ஆக வேண்டுமென்றால் வடக்குச் சுவரில் மாட்டுங்கள். அப்போதாவது படத்தின் கிழக்கு உண்மையான கிழக்கைக் காட்டும். கரும்பலகை தெற்குச் சுவரில் இருக்கிறதென்று அங்கே மாட்டினால் படத்தின் கிழக்கு நேர் மேற்கைக் காட்டி நிற்கும்.

மதிப்பீட்டையும் மாற்றுங்கள், தயவுசெய்து. "வைகையைக் குறிக்கவும்" என்பது நினைவாற்றலை மட்டுமே சோதிக்கிறது. பாடம் நடக்கும்போதே வைக்கும் வளரறி மதிப்பீட்டில் தெற்கு தலைப்பக்கம் இருக்கும்படி அச்சிட்ட ஒரு வெற்றுப் படத்தை, வடக்குக் குறியோடும் நான்கு உயர எண்களோடும் கொடுத்து, ஆறு ஓடும் திசையைக் கேளுங்கள். திசைக்கு ஒரு மதிப்பெண், எந்த எண்ணை வைத்துச் சொன்னாய் என்பதற்கு இரண்டு. அந்த நேரத்தில் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் குழந்தையை "நேரா வச்சு எழுது" என்று அதட்டாதீர்கள். அது வடக்கைப் பொருத்திக்கொண்டிருக்கிறது.