15 இன்ச் டயர் என்று மட்டும் கேட்காதீர்கள்

பட்டர்வொர்த்தில் டயர் கடை நடத்தும் எனக்கு, தேய்ந்த டயரோடு வரும் காரைவிடப் பொருந்தாத புது டயரோடு வரும் காரைப் பார்த்தால்தான் கவலை அதிகம். தைப்பூசத்திற்கு ஒரு வாரம் இருக்கையில் தம்பி ஒருவர் தம் மைவி காரைக் கொண்டுவந்தார். மலிவாகக் கிடைத்ததென்று வேறோர் இடத்தில் 195/60 R15 டயர் நான்கைப் போட்டு இரண்டு வாரந்தான் ஆகியிருந்தது. வீட்டார் நால்வரை ஏற்றிக்கொண்டு ஸ்டீரிங்கை முழுதாக ஒடித்தால் கரகரவென்று சத்தம் வருகிறது என்றார். ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் திருப்பியபோது, மட்கார்டின் உட்புறப் பிளாஸ்டிக் உறை பளபளவென்று தேய்ந்திருந்தது. டயரின் ஓரத்தைத் தடவிய விரலில் ரப்பர் கருந்தூளாக ஒட்டியது.

“அண்ணே, பழையதும் பதினஞ்சு இன்ச், இதுவும் பதினஞ்சு இன்ச்தானே?” என்று அவர் கேட்டார்.

15 என்பது ரிம்மின் விட்டம் மட்டுமே. அவருடைய காருக்கு உரியது 185/55 R15. இதில் 185 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 55 என்பது அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு டயரின் பக்கச்சுவர் உயரம் என்பதாகும். அதாவது பக்கச்சுவர் ஏறத்தாழ 102 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக இருமடங்காக்கி, ரிம்மின் 15 இன்ச்சை, அதாவது 381 மில்லிமீட்டரைக் கூட்டினால், முழுச் சக்கரத்தின் உயரம் 584.5 மில்லிமீட்டர் வரும். அவர் போட்டிருந்த டயருக்கு இதே கணக்கு 615 என்று வருகிறது. ஐந்து விழுக்காட்டுக்கும் மேற்பட்ட இந்த வித்தியாசத்தால் டயர் உரசுவதோடு, வேகமானியும் பொய் சொல்லத் தொடங்குகிறது: பினாங்குப் பாலத்தில் முள் 80-இல் நிற்கும்போது, உரிய டயரில் ஓடியதைவிடச் சுமார் 4 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் கார் ஓடும். மாறாக, 14 இன்ச் ரிம்முக்கான 175/65 R14 டயரைக் கணக்கிட்டால் 583 மில்லிமீட்டர் வருகிறது. ரிம் சிறிதானாலும் சக்கரத்தின் உயரம் ஏறத்தாழ மாறவில்லை. ரிம் மாற்றுவோர் காக்க வேண்டியது இந்த உயரத்தைத்தான்.

அளவுக்குப் பின்னால் உள்ள எண்ணைப் பலரும் படிப்பதே இல்லை. 82 என்றிருந்தால் அந்த டயர் 475 கிலோ தாங்கும். அழகுக்காகச் சிலர் போடும் 165/50 R15 டயரில் 73 என்றிருக்கும். அது தாங்குவது 365 கிலோதான். ஒரு சக்கரத்திற்கு 110 கிலோ குறைவு! ஐந்து பேரும் பெட்டிகளுமாக ஈப்போவுக்குப் போகும் குடும்பத்தை அப்படிப்பட்ட டயரில் அனுப்பிவைக்க எனக்கு மனம் வராது. வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டாலும் மாட்டித் தர மறுத்துவிடுவேன். அடுத்து வரும் எழுத்து வேக வரம்பு: H என்றால் 210, V என்றால் 240 கிலோமீட்டர்.

இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவுத் தூணில் டயர் அளவும் காற்றழுத்தமும் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதைக் கைப்பேசியில் படமெடுத்து, விலை கேட்பதற்கு முன்பே கடைக்காரரிடம் காட்டுங்கள். பழைய டயரில் உள்ள எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்; காரை உங்களுக்கு விற்றவரே அளவை மாற்றியிருக்கக்கூடும்.

அந்தத் தம்பியின் நான்கு டயர்களையும் கழற்றி 185/55 போட்டோம். காரின் பின்புறச் சாமான் அறையில் கிடந்த உபரிச் சக்கரம் மட்டும் முதலிலிருந்தே சரியான அளவில்தான் இருந்தது.