புயல் துரத்தலா, புயல் தேடலா?

புயலைப் பார்க்கத் தேடிப் போவதை ஆங்கிலத்தில் 'ஸ்டார்ம் சேஸிங்' என்பார்கள். அதை அப்படியே தமிழாக்கினால் 'புயல் துரத்தல்' என்று வரும். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அதைச் சொன்னால், புயலை ஊரைவிட்டு விரட்டுகிற வேலை என்றுதான் நினைப்பார்கள். நெல் காயப்போட்ட களத்தில் கோழியைத் துரத்துகிறோம், அண்டவிடாமல் செய்வதற்காக. 'ஸ்டார்ம் சேஸிங்' செய்பவர்களோ புயலை அண்டிப் போகிறவர்கள்.

அமெரிக்காவின் டெக்சாஸ், ஓக்லஹோமா, கான்சாஸ் சமவெளிகளில் வசந்தகாலத்தில் பெரும் இடிமேகங்கள் திரளும். சிலவற்றிலிருந்து டொர்னாடோ என்னும் சுழல்காற்று தரையிறங்கும். அதைப் பார்க்கவும் படமெடுக்கவும் அளக்கவும் காரில் கிளம்புகிறார்கள். டேவிட் ஹோட்லி 1956-இல் வடக்கு டகோட்டாவில் இதைத் தொடங்கினார். இன்றும் பெரும்பாலோருக்கு இது பொழுதுபோக்குதான். ஆய்வாளர்கள், செய்திப் படப்பிடிப்பாளர்கள் போன்ற சிலருக்கே தொழில். உயிரைக் கேட்கிற தொழிலும்கூட. 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோவில் டிம் சமாரஸ் என்ற ஆய்வாளரும் அவர் மகனும் உடன்சென்ற கார்ல் யங்கும் சுழலில் சிக்கி இறந்தார்கள்.

'சேஸ்' பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல். அங்கே வேட்டையாடுவது என்று பொருள். அப்படியானால் 'புயல் வேட்டை' சரியா? வேட்டை கொல்வதில் முடியும். எனக்கு ஒப்பவில்லை. இவர்கள் மேகத்தின் பின்னால் ஓடுவதும் குறைவு. காலையில் வானிலை வரைபடம் பார்த்து, எங்கே இடி திரளும் என்று கணித்து, முன்கூட்டியே போய்க் காத்திருக்கிறார்கள். அது தேடல்.

இனி 'புயல்'. கடலில் உருவாகி, மணிக்கு 62 கிலோமீட்டருக்குக் குறையாமல் வீசுவதையே இன்று அப்படிச் சொல்கிறோம். அமெரிக்கச் சமவெளியின் இடிமழைக்கு அது பொருந்துமா என்று கேட்கலாம். பொருந்தும். 'புயல் என்னும் வாரி வளங்குன்றிக்கால்' உழவர் ஏர் உழார் என்கிறது குறள் (14). அங்கே புயல் என்றால் மழை. மேகத்துக்கும் அதுதான் பழைய பெயர். அதனால் 'புயல்தேடல்' என்கிறேன், செய்பவர் 'புயல்தேடி'.

நம் ஊருக்கு 'மழைதேடி' இன்னும் பொருந்தும். 2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டபோது புயல் எதுவும் இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது வெறும் மழை. "மேக்க இருட்டிக்கிட்டு வருது" என்றதும் மொட்டைமாடி ஏறிப் பொதிகை மலையைப் பார்ப்பவரும், மாஞ்சோலை மலையின் ஊத்து எஸ்டேட்டில் மழை எத்தனை மில்லிமீட்டர் என்று காலையில் முதல்வேலையாக விசாரிப்பவரும் மழைதேடிகளே.