ப்ளஸ் டூ வேதியியல் இருந்தால் போதுமா?

ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் துறைக்கு வரும் மின்னஞ்சல்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "பொது வேதியியல் வகுப்பில் பதிவு செய்யப் பார்க்கிறேன், கணினி அனுமதிக்க மறுக்கிறது, என்ன செய்வது?" கலிஃபோர்னியாவில் ஒரு சமுதாயக் கல்லூரியில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படியாகப் பலர் சேரும் ஈராண்டுக் கல்லூரி) வேதியியல் கற்பிக்கிறேன். வகுப்பு எடுப்பதோடு, சேர வருகிறவர்களின் முன்தகுதி ஆவணங்களைப் பார்த்து அனுமதி கொடுக்கும் வேலையும் என்னிடம் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் நம்மவர்கள் நிறைய. ஆகவே அந்த மின்னஞ்சல்களில் தமிழ்ப் பெயர்களும் நிறைய. கல்லூரிக்குள் நுழையும் பிள்ளைகளின் பெற்றோர் ஒரு பக்கம். திருமணமாகி இங்கே வந்து, நர்சிங், பார்மசி, பல் சுகாதாரம் என்று புதிதாகப் படிக்க நினைக்கும் பெண்கள் இன்னொரு பக்கம்.

இந்த வேலையில் எனக்கு ஆற்றாமை தரும் விஷயம் ஒன்று உண்டு. பாடம் தெரிந்தவர் காகிதம் இல்லாமல் வெளியே நிற்கிறார். காகிதம் வைத்திருப்பவர் பாடம் தெரியாமல் உள்ளே போய்விடுகிறார். முன்தகுதி என்பதைப் பதிவு அலுவலகத்தின் சம்பிரதாயமாக மட்டும் பார்ப்பதால் இரண்டு தரப்புமே ஒரு செமஸ்டரை இழக்கின்றன.

பொது வேதியியல் இங்கே இரண்டு செமஸ்டர் பாடம். ஆய்வகத்தோடு சேர்த்து ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஐந்து யூனிட் (பாடத்தின் அளவைக் கணக்கிடும் புள்ளி). உயிரியல், வேதிப் பொறியியல், பார்மசி, மருத்துவம் என எந்தப் பக்கம் போனாலும் இதைத் தாண்டித்தான் கரிம வேதியியலுக்குப் போக முடியும். உள்ளே நுழைய இரண்டு தகுதிகளைக் கேட்பார்கள். ஒன்று, பள்ளியில் படித்த வேதியியல், அல்லது கல்லூரியிலேயே நடக்கும் அறிமுக வேதியியல் வகுப்பில் சி அல்லது அதற்கு மேலான கிரேடு. இரண்டு, இடைநிலை இயற்கணிதம் அளவுக்குக் கணிதம். சில கல்லூரிகள் பள்ளி வேதியியலை ஏற்பதில்லை. அதற்குப் பதில் ஒரு தேர்வு வைக்கும். அமெரிக்க வேதியியல் கழகத்தின் தேர்வு நிறுவனம் வெளியிடும் கலிஃபோர்னியா கண்டறி தேர்வு அப்படி ஒன்று: 44 கேள்விகள், 45 நிமிடம். எந்தக் கல்லூரி எதைக் கேட்கிறது என்பது அதன் பாடவிவரப் பட்டியலில் ஒரே வரியில் இருக்கும். அந்த வரியைப் படிக்காமல் வாட்ஸ்அப் குழுவில் கேட்டுவிட்டு வருகிறவர்களை என்ன சொல்ல!

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது, உங்களுக்கு வேண்டியது பொது வேதியியல்தானா என்பது. வேதியியல் என்ற பெயரில் இங்கே குறைந்தது மூன்று வகுப்புகள் உண்டு. அறிமுக வேதியியல் ஒன்று. பொது, கரிம, உயிர் வேதியியல்களைத் தொட்டுக் காட்டும் உடல்நலத் துறை வேதியியல் இன்னொன்று. அறிவியல் மாணவர்களுக்கான இரண்டு செமஸ்டர் பொது வேதியியல் மூன்றாவது. நர்சிங் படிப்புகள் பலவற்றுக்கு இரண்டாவதே போதும். சிலவற்றுக்கு முதலாவது போதும். பார்மசிக்கு மூன்றாவது இல்லாமல் நடக்காது. நர்சிங் போக இருப்பவர் வீணாகப் பொது வேதியியலில் மாட்டிக்கொண்டு கிரேடைக் கெடுத்துக்கொள்வதையும், பார்மசி போக இருப்பவர் உடல்நல வேதியியலை முடித்துவிட்டு "இது செல்லாது" என்று கேட்டு அதிர்வதையும் வருடா வருடம் பார்க்கிறேன். போக விரும்பும் படிப்பின் தேவையை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

இப்போது இந்தியச் சான்றிதழ்கள். சென்ற ஆண்டு வந்த ஒரு பெண் கோப்பை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "மேடம், நான் பி.இ. முதல் வருடத்தில் இன்ஜினியரிங் கெமிஸ்ட்ரி எழுதி நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன். அதையே பொது வேதியியலாக எடுத்துக்கொள்ள மாட்டீர்களா?"

"அதில் என்ன படித்தீர்கள், சொல்லுங்கள்" என்றேன்.

யோசித்துச் சொன்னார். நீரின் கடினத்தன்மை, கொதிகலனுக்கான நீர், நிலைமை விதி, உலோகக் கலவைகள், எரிபொருள்கள், மின்கலங்கள். எல்லாம் நல்ல பாடங்கள்தான். ஆனால் பொது வேதியியலின் முதல் செமஸ்டரில் வருபவை வேறு: மோல் கணக்கு, வினைகளின் அளவீடு, வாயு விதிகள், வெப்ப வேதியியல், அணு அமைப்பு, பிணைப்பு, மூலக்கூறு வடிவம். இவற்றை அவர் படிக்காமல் இல்லை, பதினொன்றாம் வகுப்பிலேயே படித்துவிட்டார்! தமிழ்நாட்டுப் பதினொன்றாம் வகுப்பு வேதியியலைப் புரட்டிப் பாருங்கள்: வேதியியல் கணக்கீடுகள், அணுவின் குவாண்டம் மாதிரி, தனிம வரிசை, வாயு நிலைமை, வெப்ப இயக்கவியல், சமநிலை, கரைசல்கள், பிணைப்பு. இங்கே கல்லூரியில் சொல்லிக்கொடுப்பதில் பெரும்பகுதி அதுவே.

ஆனால் மேல்நிலைப் பள்ளிப் பாடம் இங்கே பள்ளிப் பாடமாகத்தான் எண்ணப்படும். எவ்வளவு கடினமாக இருந்தாலும் அதற்குக் கல்லூரி யூனிட் கிடைக்காது. ஆகவே அவருக்கு நான் சொன்னது: "உங்கள் ப்ளஸ் டூ மதிப்பெண் பட்டியல் பொது வேதியியலுக்குள் நுழைய உதவும், பொது வேதியியலுக்கு ஈடாகாது. உங்கள் பி.இ. தாள் ஈடாகுமா என்பதற்கு மதிப்பீடு வேண்டும், ஆனால் எனக்கு நம்பிக்கை இல்லை." முகம் வாடினாலும், நாட்டில் இருந்த மாமனாரிடம் சொல்லிப் பழைய பட்டியலைத் தேடி எடுக்கச் சொன்னார். பலர் செய்யாத வேலை இது. பட்ட மதிப்பெண் பட்டியலைப் பத்திரமாகக் கொண்டுவருவார்கள், ப்ளஸ் டூ பட்டியலை ஊரில் பீரோவிலேயே விட்டுவிட்டு வந்துவிடுவார்கள்.

பி.எஸ்சி. வேதியியல் படித்தவர்களின் கதை வேறு. அவர்களுடைய தாள்கள் பொது வேதியியலுக்கு ஈடாக ஏற்கப்பட வாய்ப்பு உண்டு. அதற்குச் சான்றிதழ் மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் பாடவாரியான அறிக்கை வாங்க வேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அந்த நிறுவனங்கள் இரண்டு வகை அறிக்கை தரும். பட்டம் எதற்குச் சமம் என்று மட்டும் சொல்வது மலிவு. ஒவ்வொரு தாளுக்கும் யூனிட்டும் கிரேடும் போட்டுத் தருவது விலை கூடுதல். வேலைக்காகவோ விசாவுக்காகவோ முன்பு வாங்கிய மலிவு அறிக்கையைக் கொண்டுவந்தால் எங்களுக்குப் பயன்படாது. பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட டிரான்ஸ்கிரிப்ட் நேராக அந்த நிறுவனத்துக்குப் போக வேண்டியிருப்பதால், வாரக்கணக்கில் இழுக்கும். ஆகஸ்டில் வகுப்பு என்றால் ஏப்ரலிலேயே தொடங்கிவிடுவது நல்லது. பாடத்திட்டத்தின் நகலையும் கேட்டு வாங்கி வையுங்கள். ஆய்வகம் தனித்தாளாக இருந்தால் அதற்கும் தனியாக. இன்னொன்று: உடல்நலத் துறைப் படிப்புகள் சில, அறிவியல் பாடம் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்குள் படித்ததாக இருக்க வேண்டும் என்று கேட்கும். பத்து வருடம் முன்பு வாங்கிய முதல் வகுப்பு அங்கே செல்லாமல் போகலாம்.

காகிதம் முழுமையாக இல்லை, ஆனால் பாடம் தெரியும் என்றால் கலிஃபோர்னியாவில் இன்னொரு வழி உண்டு. மாநிலச் சமுதாயக் கல்லூரி விதிகளின்படி முன்தகுதியை எதிர்த்து முறையிடலாம். தேவையான அறிவும் திறனும் வேறு வழியில் கிடைத்திருக்கிறது என்று சான்றுகளோடு எழுதிக் கொடுத்தால், 5 வேலை நாட்களுக்குள் கல்லூரி முடிவு சொல்ல வேண்டும். இது சலுகை அல்ல, மாணவரின் உரிமை. நம்மவர்கள் இதைக் கேட்கத் தயங்குகிறார்கள். கல்லூரியின் படிப்பு ஆலோசகர் "முடியாது" என்றதும் எழுந்து வந்துவிடுகிறார்கள்.

காகிதப் பக்கம் இவ்வளவுதான். பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் மற்றப் பக்கத்தில்: பாடத்தில், அதற்கு வேண்டிய கணக்கில்.

2017-இல் கலிஃபோர்னியா ஏ.பி. 705 (ஏ.பி. என்றால் சட்டமன்ற மசோதா) என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. அதற்கு முன் சமுதாயக் கல்லூரியில் சேர்பவர்கள் நுழைவுத் தேர்வு எழுதி, கணிதத்தில் பின்தங்கியிருந்தால் அடிப்படை வகுப்புகளில் வருடக்கணக்கில் சுற்றினார்கள். பலர் பட்டத்தை எட்டவேயில்லை. சட்டம் அந்தச் சுற்றை அறுத்தது. பள்ளி மதிப்பெண்ணை வைத்தே நேராகப் பல்கலைக்கழக மட்டக் கணிதத்தில் சேர்க்கச் சொன்னது. 2022-இல் வந்த ஏ.பி. 1705 அதை மேலும் இறுக்கியது. நோக்கம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் வேதியியல் ஆசிரியராக எனக்குத் தெரிவது வேறு ஒன்று: இடைநிலை இயற்கணித வகுப்பு பல கல்லூரிகளின் அட்டவணையிலிருந்தே மறைந்துவிட்டது. அந்த வகுப்பில் கை பழகியிருக்க வேண்டிய கணக்கு, பழகாமலே என் வகுப்புக்கு வருகிறது.

டெக்சாஸில் சில பல்கலைக்கழகங்களின் வேதியியல் ஆசிரியர்கள் சேர்ந்து, கால்குலேட்டர் இல்லாமல் எழுதும் சிறு கணக்குத் தேர்வு ஒன்றைச் செமஸ்டர் தொடக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அதில் வேதியியலே இல்லை. பின்னம், பத்தின் அடுக்கு, மடக்கை (லாக்) போன்றவைதான். அதில் தேறியவர்கள்தான் பொது வேதியியலிலும் பெரும்பாலும் தேறினார்கள் என்று கண்டார்கள். எனக்கு அது வியப்பாக இல்லை.

உங்கள் பிள்ளை தயாரா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு காகிதமும் பென்சிலும் கொடுத்து, 6.0 × 10²³ என்பதை 2.0 × 10⁻³ ஆல் பெருக்கச் சொல்லுங்கள். கால்குலேட்டர் கூடாது. 1.2 × 10²¹ என்று அரை நிமிடத்தில் வர வேண்டும். அடுத்தது: ஒரு கரைசலில் ஹைட்ரஜன் அயனிச் செறிவு இரு மடங்கானால் பி.எச். (அமிலத்தன்மையை மடக்கையில் சொல்லும் எண்) என்ன ஆகும்? "பாதியாகும்" என்றால் மடக்கை புரியவில்லை என்று பொருள். 0.30 குறையும்.

மூன்றாவது கணக்கு எனக்குப் பிடித்தது. 18.0 கிராம் குளுக்கோஸ் முழுமையாக எரிந்தால் எத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடு கிடைக்கும்? ஒரு மூலக்கூறு குளுக்கோஸிலிருந்து ஆறு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடு வரும் என்பதைப் பிள்ளைகள் சரியாகவே சமன் செய்துவிடுவார்கள். பிறகு பதினெட்டை ஆறால் பெருக்கி 108 கிராம் என்று எழுதிவிடுவார்கள். நான் சிவப்பு மையில் சுழிப்பதில்லை, திருப்பிக் கேட்பேன்: "108 கிராம் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ 29 கிராம் கார்பன் இருக்கிறது. 18 கிராம் சர்க்கரைக்குள் 29 கிராம் கார்பன் எங்கிருந்து வந்தது?" கிராமை மோலாக்கி, மோலை ஆறால் பெருக்கி, மீண்டும் கிராமாக்கினால் விடை 26.4 கிராம். அதை 26.3825 என்று கால்குலேட்டர் காட்டியபடியே எழுதுவது நம் ஊர்ப் பாடமுறையில் படித்தவர்களின் பழக்கம். கேள்வியில் மூன்று இலக்கத் துல்லியம்தான் கொடுத்திருக்கிறது. விடையிலும் மூன்றுக்கு மேல் எழுத உரிமையில்லை. முக்கிய எண்ணுருக்கள் இங்கே ஒவ்வொரு தேர்விலும் மதிப்பெண்ணைத் தின்னும். அலகு எழுதாமல் விடுவதும் அப்படியே.

மூன்றும் வந்துவிட்டால் தைரியமாகப் பொது வேதியியலில் சேரலாம். மூன்றாவது வராமல், ஏன் வரவில்லை என்றும் புரியவில்லை என்றால், அறிமுக வேதியியலில் ஒரு செமஸ்டர் இருப்பதே உத்தமம். இதைச் சொன்னால் வீடுகளில் கௌரவப் பிரச்சினையாகிவிடுகிறது. "பள்ளியில் ஏ வாங்கிய பையன், அறிமுக வகுப்பிலா?" என்று அப்பா கேட்பார். பையன் பேசாமல் இருப்பான், அவனுக்குத் தெரியும். அவசரப்பட்டுச் சேர்ந்து பாதியில் விட்டால் டிரான்ஸ்கிரிப்டில் டபிள்யூ (பாடத்திலிருந்து விலகியதற்கான குறி) விழும். சமுதாயக் கல்லூரிகளில் ஒரே பாடத்தைப் பொதுவாகக் குறிப்பிட்ட சில முறைக்கு மேல் எடுக்க முடியாது, டபிள்யூவும் ஒரு முறையாகவே எண்ணப்படும். பொது வேதியியல் தள்ளிப்போனால் அதன் பின்னால் நிற்கும் கரிம வேதியியலும் தள்ளிப்போகும். அது பெரும்பாலும் இலையுதிர் பருவத்தில்தான் தொடங்கும் என்பதால், ஒரு செமஸ்டர் சறுக்கல் ஒரு வருடமாகிவிடுவது உண்டு.

பள்ளியிலேயே கல்லூரி மட்டத்தில் படிக்கும் ஏ.பி. (அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட்) வேதியியல் பற்றியும் கேட்பார்கள். பொது வேதியியலில் சேர அது தேவையில்லை. நல்ல மதிப்பெண் இருந்தால் சில பல்கலைக்கழகங்கள் பொது வேதியியலையே தாண்டவிடும். மருத்துவம், பார்மசி நினைப்பில் இருப்பவர்கள் அவசரப்பட்டுத் தாண்ட வேண்டாம். அவற்றில் பல, கல்லூரி வகுப்பில் ஆய்வகத்தோடு படித்திருக்க வேண்டும் என்று கேட்கின்றன.

அனுமதி கிடைத்த பிறகும் கோட்டைவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆய்வகத்தில் இடங்கள் எண்ணி வைத்தவை. முதல் நாள் வராதவரின் இடத்தைக் காத்திருப்போர் பட்டியலில் அடுத்து நிற்பவருக்குக் கொடுத்துவிடுவோம். இந்தியாவிலிருந்து திரும்பும் விமான டிக்கெட்டை வகுப்பு தொடங்கிய மறுநாளுக்குப் போட்டுவிட்டு, "ஒரு நாள்தானே மேடம்" என்று எழுதுகிறார்கள். பாதுகாப்பு விதிகளைச் சொல்லிக் கையெழுத்து வாங்குவது அந்த முதல் நாளில்தான். வரும்போது பாதுகாப்புக் கண்ணாடியும் முன்பக்கம் மூடிய காலணியும் வேண்டும்; செருப்போடு வந்தால் ஆய்வகத்துக்குள் விடமாட்டோம்.