உப்புக்காற்றில் ஓடிய வண்டி: துரு எங்கே ஒளிந்திருக்கும்?

தேவிபட்டினத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பாம்பனில் ஒருவர் நான்கு வருடம் ஓட்டிய பைக் விலைக்கு வருகிறது. ராமநாதபுரம் மாவட்டத்து டி.என். 65 பதிவெண், ஒரே ஓனர். கூட வந்த மெக்கானிக் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். டேங்க் பளபளக்கிறது. ஹேண்டில்பாரில் மட்டும் புள்ளி புள்ளியாகத் துரு. அந்தத் துருவுக்குப் பயந்து விட்டுவிடலாமா, இல்லை வாங்கலாமா என்பது கேள்வி.

ஹேண்டில்பாரில் தெரியும் துரு பெரிய விஷயமில்லை. காற்று நன்றாகப் படும் இடத்தில் மேலோட்டமாக வரும் துரு அது. தேய்த்தால் போகும், இல்லாவிட்டால் பாரையே மாற்றிக்கொள்ளலாம். கடற்கரை வண்டியைக் கொல்லும் துரு, காற்று எட்டாத இடத்தில் இருக்கும். கேட்பதற்குத் தலைகீழாக இருக்கிறதல்லவா? துருப்பிடிக்க ஆக்சிஜன் வேண்டும் என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? படித்தது சரிதான். ஆனால் ஆக்சிஜன் வேலை செய்யும் இடமும் இரும்பு கரையும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இந்தக் கட்டுரை முக்கியமாக அதைப் பற்றித்தான்.

வழக்கமான சோதனைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்து பாருங்கள். புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் உள்ளதோடு பொருந்த வேண்டும். கடன் பதிவு இருந்தால் அதை நீக்கிய பிறகுதான் முழுப் பணம். இன்சூரன்ஸ் தேதி பாருங்கள். இவையெல்லாம் எந்த ஊர் வண்டிக்கும் பொதுவானவை. நம் ஊர் வண்டிக்கென்று தனியாகப் பார்க்க வேண்டியது உப்பு.

அலை உடையும்போது எழும் நுரைக் குமிழிகள் வெடித்து, மிக நுண்ணிய திவலைகளைக் காற்றில் எறிகின்றன. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. திவலையின் நீர் ஆவியானாலும் உப்பு மிதந்து வந்து வண்டியில் படியும். சமையல் உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். நம் கரையில் இரவிலும் விடிகாலையிலும் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் சேர்ந்திருக்கிறது. அதற்கு 33 சதவீத ஈரமே போதும். வாலிநோக்கத்துப் பாத்திகளில் உப்பு வாரிய பிறகு மிஞ்சும் கசப்பு நீரில் நிறைந்திருப்பது இதுதான். ஆக, கடலுப்பு படிந்த இரும்பு மழையே இல்லாத மதியத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலத்துடன்தான் நிற்கிறது.

இனி அந்த ஈரத்துக்குள் நடப்பதைப் பார்ப்போம். இந்த நிகழ்வு எனக்கு அவ்வளவு பிடிக்கும். எத்தனை முறை விளக்கினாலும் அலுக்காது.

1920களில் கேம்பிரிட்ஜில் யூ. ஆர். எவன்ஸ் என்ற வேதியியலாளர் இதை ஒரே ஒரு சொட்டு உப்பு நீரை வைத்துக் காட்டினார். நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்த இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு உப்பு நீர். அதில் இரண்டு பொருள்கள் கலந்திருக்கும், இரண்டும் பள்ளி ஆய்வகத்தில் இருப்பவைதான். பொட்டாசியம் பெர்ரிசயனைடு, இரும்பு கரையும் இடத்தில் நீலமாகும். பினாப்தலின், காரத்தன்மை வரும் இடத்தில் இளஞ்சிவப்பாகும். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தால் சொட்டின் நடுப்பகுதி நீலம், ஓரம் இளஞ்சிவப்பு. ஒரே தகடு, ஒரே சொட்டு, ஆனால் இரண்டு ஊர்!

சொட்டின் ஓரம் மெல்லியது, காற்றிலுள்ள ஆக்சிஜன் அங்கே சுலபமாக இரும்பை எட்டிவிடும். நடுப்பகுதி தடிமனானது, முதலில் இருந்த ஆக்சிஜன் தீர்ந்ததும் புதிதாக வந்து சேரத் தாமதமாகும். ஓரத்தில் ஆக்சிஜன் எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு நீருடன் சேர்ந்து ஹைட்ராக்சைடாகிறது. அந்த எலக்ட்ரான்களைக் கொடுப்பது யார்? நடுவில் இருக்கும் இரும்பு. அங்கே இரும்பு அணு இரண்டு எலக்ட்ரான்களைத் தகட்டின் வழியாக ஓரத்துக்கு அனுப்பிவிட்டு அயனியாகிக் கரைகிறது. ஓரம் கேத்தோடு, நடு ஆனோடு. காற்றோட்டம் சமமில்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு சொட்டு நீர் மின்கலமாகிவிட்டது. கரைந்த இரும்பும் ஓரத்து ஹைட்ராக்சைடும் சந்திக்கும் இடத்தில்தான் பழுப்புத் துரு வளையமாகப் படிகிறது. உலோகத்தை இழப்பது நடுப்பகுதி, துரு தெரிவதோ அதைச் சுற்றி. துருவைப் பார்த்து இடத்தை முடிவு செய்தால் ஏமாந்துபோவோம்.

சொட்டுக்குப் பதிலாக ஒரு இடுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தகடு இன்னொன்றின் மேல் படிந்து இடைவிட்டு வெல்டிங் வைத்திருக்கும் இடம், போல்ட் தலையின் அடிப்பக்கம், ரப்பர் புஷ்ஷின் விளிம்பு. இடுக்குக்குள் ஆக்சிஜன் தீர்ந்துவிடும், உள்ளே இரும்பு கரைய ஆரம்பிக்கும். நேர்மின் இரும்பு அயனிகள் சேரச் சேர, மின்சுமையைச் சமன் செய்ய வெளியே இருக்கும் குளோரைடு அயனிகள் உள்ளே இழுக்கப்படும். உள்ளே இரும்பு குளோரைடு நீருடன் வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்கும். அமிலமும் குளோரைடும் இரும்பை இன்னும் வேகமாகக் கரைக்கும். கரைந்தால் இன்னும் குளோரைடு வரும், இன்னும் அமிலம் கூடும். ஒரு முறை தொடங்கிவிட்டால் தன்னைத்தானே வேகப்படுத்திக்கொள்ளும் வினை இது. இடுக்கின் வாயில் துரு அடைத்துக்கொண்டால் உள்ளே காற்று இன்னும் குறையும், கரைவது இன்னும் தீவிரமாகும். வெளியே பரந்து கிடக்கும் உலோகம் முழுவதும் கேத்தோடாக இருக்க, கரைவதோ குறுகலான ஓரிடத்தில். அதனால்தான் தகடு பரவலாகத் தேயாமல் ஓரிடத்தில் ஆழமாக ஓட்டை விழுகிறது.

பாம்பன் ரயில் பாலத்தில் இந்த அறிவு கண்ணெதிரே நிற்கிறது. 1914இல் திறந்த பழைய பாலம் தகடு மேல் தகடு வைத்து ரிவெட் அடித்தது, ஒவ்வொரு இணைப்பும் ஓர் இடுக்கு. 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் இணைப்புகளை முழுமையாக வெல்டிங் செய்திருக்கிறார்கள், கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, மேலே பாலிசிலாக்சேன் என்ற சிலிக்கான் சேர்ந்த பூச்சு.

பைக்குக்கு வருவோம். சென்டர் ஸ்டாண்டு போட்டு, நல்ல வெளிச்சத்தில், சீட்டைக் கழற்றச் சொல்லுங்கள். பின் ஷாக் அப்சார்பர் மேலே சேஸிஸில் மாட்டும் இடம், ஸ்டாண்டு பிராக்கெட் சேஸிஸோடு சேரும் இடம், பேட்டரிப் பெட்டியின் அடி, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் கீழ்ப்பக்கம். இந்த நாலு இடங்களிலும் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். பெயின்ட் குமிழ் விட்டிருந்தால் உள்ளே துரு உப்பியிருக்கிறது. துரு, தான் உருவான இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அதுதான் பெயின்ட்டைத் தூக்குகிறது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினால் நல்ல குழாய் கணீரென்று கேட்கும், உள்ளே தின்றுபோன குழாய் மொத்தென்று கேட்கும். குழாய்களின் அடியில் நீர் வடிய விட்டிருக்கும் சிறு துளைகள் சேறு அடைத்துக் கிடந்தால் உப்புநீர் உள்ளேயே தங்கியிருந்திருக்கும்.

மீன் ஏற்றிய வண்டியா என்று கட்டாயம் கேளுங்கள். பின்னால் ஐஸ் பெட்டி கட்டி ஓட்டியிருந்தால், உருகிய உப்புநீர் நாள்தோறும் ஸ்விங் ஆர்மிலும் செயினிலும் வடிந்திருக்கும். மீன் வியாபாரம் செய்வது ஒரு குறையில்லை, அந்த உழைப்பில்தான் இந்தக் கரையே வாழ்கிறது. ஆனால் அந்த வண்டிக்கு அதற்கேற்ற விலைதான் கொடுக்க வேண்டும்.

பலருக்கும் வியப்பாக இருக்கும் இன்னொரு விஷயம், மழையில் நனைந்தே நின்ற வண்டியைவிடக் கடலோரக் கொட்டகைக்குள் கவர் போட்டு நின்ற வண்டி மோசமாக இருக்கலாம். மழை உப்பைக் கழுவிவிடும். கொட்டகைக்குள் உப்பு சேர்ந்துகொண்டே போகும். அதே காரணத்தால்தான் மழைநீர் படாத அடிப்பகுதி முதலில் போகிறது.

சைலன்சர் தனிக் கதை. அது உள்ளிருந்தும் அரிக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. நீண்ட தூரம் ஓடினால் சூட்டில் ஆவியாகிப் போய்விடும். வீட்டுக்கும் கடைக்கும் மட்டும் ஓடிய வண்டியில் அந்த நீர் அடியில் தேங்கும். சைலன்சரை மாற்றிக்கொள்ளலாம் என்பதால் இது பேரம் பேசும் விஷயம், அவ்வளவுதான்.

நான்கு வருடப் பாம்பன் வண்டி ஷோரூமில் இருந்து வந்த மாதிரி மின்னினால் அதையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். பட்டி பார்த்து பெயின்ட் அடித்திருக்கலாம். ஒரு சின்னக் காந்தம் எடுத்துப் போங்கள், தடிமனாகப் பட்டி பூசிய இடத்தில் பிடிப்பு தளரும். அடிப்பகுதியில் பழைய ஆயில் அடித்திருந்தால் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். சுத்தமான இரும்பில் ஆயில் அடித்தால் நீரையும் ஆக்சிஜனையும் தடுக்கும், நல்ல பழக்கம்தான். உப்பைக் கழுவாமல் மேலே ஆயில் அடித்தால் உப்பும் ஈரமும் அடியில் மாட்டிக்கொள்ளும், நாமே ஓர் இடுக்கைச் செய்து கொடுத்ததாகிவிடும்.

வண்டி வாங்கப் போகிறவர்கள் பதிவெண்ணைக் கூட்டி எட்டு வருகிறதா என்று பார்ப்பதும், அஷ்டமி நவமியைத் தள்ளிப்போடுவதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. எண்ணுக்கும் வண்டிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கூட்டுத்தொகை சரியாக வந்த வண்டியின் ஸ்டாண்டு பிராக்கெட்டும் முறியும். அந்த ஐந்து நிமிடத்தைக் குனிந்து அடிப்பகுதியைப் பார்க்கச் செலவிட்டால் ஓர் உயிரே காப்பாற்றப்படலாம்.

துருவை ஆராயும் இந்தத் துறைக்கு நாம் வெளியூரைப் பார்க்க வேண்டியதும் இல்லை. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டது. மண்டபத்தில் கடலோரத்திலேயே உலோகங்களைக் காற்றில் வைத்து அரிமானத்தை அளக்கும் நிலையம் அதற்கு உண்டு. இப்படிப்பட்ட வேலைக்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தொண்டி முதல் சாயல்குடி வரை கடலோரப் பள்ளி ஒவ்வொன்றும் எடை பார்த்த இரும்புத் தகடு ஒன்றைக் கூரையில் தொங்கவிட்டு, ஒரு வருடம் கழித்துத் துருவை நீக்கி மறுபடி எடை பார்க்கலாம். செலவு மிகக் குறைவு. எந்த ஊரில் இரும்பு எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பது படகு வைத்திருப்பவருக்கும் வீடு கட்டுபவருக்கும் தெரிந்துவிடும்.

சரி, தேவிபட்டினத்து நண்பருக்கு என் பதில். ஹேண்டில்பார், ரிம், சைலன்சர், செயின் கவர், ஏன், ஸ்விங் ஆர்ம்கூடப் போயிருந்தாலும் மாற்றும் செலவைக் கணக்குப் போட்டு விலையில் குறைத்துக்கொண்டு வாங்கலாம். ஷாக் அப்சார்பர் மாட்டும் இடத்திலோ, ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியிலோ சேஸிஸ் தின்றுபோயிருந்தால் விலை பாதியானாலும் வேண்டாம். மேலே வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்றாலும் வேண்டாம், உள்ளே மெலிந்த குழாயில் வெல்டிங் நிற்காது. சேஸிஸ் நம்பர் வாசிக்க முடியாத அளவு துருவேறியிருந்தால் பெயர் மாற்றும்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் சிக்கல் வரும். எல்லாம் சரியாக இருந்து வாங்கிவிட்டால், முதல் வேலையாக அடிப்பகுதி முழுவதையும் நல்ல தண்ணீரால் கழுவி, வெயிலில் காயவிட்டு, அப்புறம் ஆயில் அடியுங்கள். கிணற்று நீர் உப்பாக இருந்தால் அது வேண்டாம், குடிதண்ணீரில் ஒரு வாளி செலவானாலும் பரவாயில்லை.