கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று யார் சொன்னது?

"நல்லாக் கொதிக்க வச்சுத்தானே டாக்டர் சாப்பிட்டோம்?"

கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி, தொண்டி என்று நம் கரையோர ஊர்களிலிருந்து வளைகுடாவுக்குப் போன பிள்ளைகள், ராத்திரியில் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டதும் சொல்வது இதைத்தான். இந்தப் பெருநாள் விடுமுறையிலும் கேட்டாயிற்று. ஒரே ரூமில் அத்தனை பேருக்கும் வாந்தி. அதில் ஒருவர் சர்க்கரை நோயாளி. டிரிப்ஸ் ஏறிய பிறகுதான் எழுந்து உட்கார்ந்தார். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை, எழுதிவிடுகிறேன்.

நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். லீவுக்கு முந்தின ராத்திரி, டியூட்டி முடிந்து வந்து பெரிய டேக்சாவில் பிரியாணியோ, நெய்ச்சோறும் கறியுமோ ஆக்குகிறார்கள். வேறு கேம்பில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், இருக்கும் ஊர்க்காரர்களுக்கும் சொல்லியாயிற்று. தம் போட்டு இறக்கிய டேக்சா மூடியபடியே விடிய விடிய அடுப்படியில் கிடக்கும். ஜும்ஆ முடிந்து வந்ததும் சூடுபண்ணி, சகன் என்ற பெரிய தட்டில் கொட்டி, சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சாயங்காலத்துக்குள் முதல் ஆள் பாத்ரூமுக்கு ஓடுவார்.

சூடுபண்ணினால் கிருமி செத்துவிடுமே என்பீர்கள். கிருமி சாகும். அது ஏற்கெனவே சோற்றில் விட்டுவைத்த நஞ்சு சாகாது. இந்த ஒன்றை மட்டும் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து அரிசியிலேயே இருக்கிறது. வேகும்போது தப்பித்துக்கொள்ளும், சோறு மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகும். வாந்தியைக் கிளப்பும் அதன் நஞ்சு, 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் தாங்கும். உங்கள் அடுப்பில் சோறு நூறு டிகிரிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். அப்புறம் எத்தனை தடவை கொதிக்க வைத்து என்ன பயன்? வாடையும் அடிக்காது, ருசியும் மாறாது. "கெட்டுப்போயிருந்தா தெரியாதா?" என்று கேட்காதீர்கள். தெரியாது.

கறியில் வளரும் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் கிருமி, அடிவரை நன்றாகச் சூடுபண்ணினால் சாகும் என்பது உண்மை. பல வாரங்கள் நீங்கள் தப்பித்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் கொதிக்க வைப்பதே மருந்து என்று முடிவுகட்டாதீர்கள். சூரையையும் கானாங்கெளுத்தியையும் ஐஸ் இல்லாமல் போட்டுவைத்தால் ஊறும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள், பொரித்தாலும் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து தலை வலிக்கும், உடம்பு தடிக்கும். மீன் அலர்ஜி என்று என்னிடம் வருகிறவர்களில் சிலருக்கு இதுதான்.

சேர்ந்து ஆக்கிச் சாப்பிடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. வாரம் முழுக்கக் குப்பூஸ் என்ற அரபு ரொட்டியும் பருப்புமாய் ஓட்டுகிறவர்களுக்கு அந்த ஒரு வேளை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். ஆக்குகிற நேரத்தை மாற்றுங்கள், அவ்வளவுதான். ராத்திரி வெங்காயம் அரிந்து, மசாலா அரைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் ஆக்கி, இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடியுங்கள். அடுப்படி 32 டிகிரிக்கு மேல் கொதிக்கிற கோடையில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. மிச்சமானதை உடனே அகலத் தட்டுகளில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். டேக்சாவோடு உள்ளே தள்ளினால் நடுச்சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். வேறு கேம்புக்கு டப்பாவில் கொடுத்தனுப்புவதானால், அது எப்போது இறக்கியது என்று வாங்குகிறவரிடம் சொல்லுங்கள். விரலில் வெட்டுக்காயமோ சீழ்க்கட்டியோ உள்ளவர் சோற்றில் கைவைக்கக் கூடாது. சகனில் உட்காரும் எல்லாரும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும்.

ஊரிலிருக்கும் உம்மாமார்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை மேல் உள்ள பாசத்தில், பொரித்த சீலா மீனைச் சூட்டோடு கட்டி அனுப்பாதீர்கள். இங்கிருந்து ஏர்போர்ட், அங்கே இறங்கி ரூம் என்று ஒரு முழு நாள் ஆகிவிடுகிறது. மாசி, ஊறுகாய், தொதல் அனுப்புங்கள். குருமா மசாலாவில் கசகசா வேண்டவே வேண்டாம். அமீரகம், சவூதி போன்ற நாடுகளில் அது தடைசெய்யப்பட்ட பொருள், பிள்ளை ஏர்போர்ட்டிலேயே மாட்டிக்கொள்வான்.

வாந்தியும் பேதியும் வந்துவிட்டால் ஓ.ஆர்.எஸ். பொடியை, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து, மடக்கு மடக்காகக் குடியுங்கள். காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் பேதியை நிறுத்தும் மாத்திரையைத் தொடாதீர்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அன்றே மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் சில மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சம்பளம் கட்டாகும் என்று படுத்துக் கிடக்காதீர்கள், நோயாளியைத் தனியாக விட்டுவிட்டு மற்றவர்கள் டியூட்டிக்கும் போகாதீர்கள். எழுந்தால் தலை சுற்றுகிறது, சிறுநீர் போகவில்லை, குடித்த தண்ணீர் தங்கவில்லை என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்: அமீரகத்தில் 998, சவூதியில் 997. எனக்கு அப்புறம் போன் பண்ணலாம்.