குளம்புக்குள் பார்ப்பது: குதிரைக்கு டிஜிட்டல் எக்ஸ்ரே

நுவரெலியா பந்தயத் திடலில் ஓடும் குதிரையோ, கிரகரி வாவிக் கரையில் சுற்றுலாப் பயணியைச் சுமக்கும் மட்டக்குதிரையோ நொண்டத் தொடங்கினால், அதை லொறியில் ஏற்றி வளைவுப் பாதையில் இறக்குவது காலுக்கு மேலும் வேதனை. லாயத்துக்கே எக்ஸ்ரேயைக் கொண்டுபோவதுதான் சரி.

கருவி இரண்டு துண்டு. ஒன்று, கையில் தூக்கக்கூடிய, பற்றரியில் இயங்கும் கதிர்ப்பெட்டி. மற்றது, காலுக்கு மறுபுறம் வைக்கும் தட்டு. தட்டின் மேற்பூச்சு, பெரும்பாலும் சீசியம் அயடைட்டு, கதிரை ஒளியாக்குகிறது. அடியிலுள்ள சிலிக்கன் உணரிகள் அந்த ஒளியை மின்னூட்டமாக்குகின்றன. சில விநாடிகளில் படம் மடிக்கணினியில்.

பிலிம் காலத்தில் கதிர் கூடினால் படம் கறுத்துப்போய்த் தவறைக் காட்டிக்கொடுக்கும். இப்போது மென்பொருள் வெளிச்சத்தைச் சரிசெய்துவிடுகிறது. படம் அழகாகவே இருக்கும், கதிரளவோ மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். குறைந்தால் மட்டும் படம் மணல் தூவியதுபோல் சொரசொரக்கும். ஆகவே கண்ணை நம்பாமல், திரையில் வரும் கதிரளவுக் குறியெண்ணைப் பார்க்க வேண்டும்.

மென்பொருளால் திருத்த முடியாதது குதிரை நிற்கும் நிலை. குளம்பின் பக்கப்படத்துக்கு, கதிர்ப்பெட்டி தரைமட்டத்துக்கு இறங்காது என்பதால், முன்னங்கால் இரண்டையும் ஒரே உயரமுள்ள மரக்கட்டைகளில் ஏற்ற வேண்டும். ஒரு காலை மட்டும் ஏற்றினால் பாரம் சாய்ந்து மூட்டு இடைவெளி பொய்யாகத் தெரியும். கதிரின் மையம் குளம்பின் அடிவிளிம்புக்கு 1 முதல் 2 சென்ரிமீற்றர் மேலே, தரைக்குச் சமாந்தரமாக இருக்கட்டும். தட்டு குளம்பை ஒட்டியிருக்க வேண்டும். விலகினால் எலும்பு பெரிதாகத் தெரியும். குளம்பின் முன்சுவரில் ஒரு கம்பித்துண்டை ஒட்டினால், உள்ளே குளம்பெலும்பு சுவரைவிட்டு விலகிச் சுழன்றிருக்கிறதா என்று அளக்கலாம். முன்னிருந்து எடுக்கும் படத்துக்கோ லாடத்தைக் கழற்றி, அடிப்பள்ளங்களைக் களிமண் போன்ற பசையால் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் பள்ளத்துக் காற்றின் கருங்கோட்டை எலும்பு முறிவென்று எண்ணிவிடலாம்.

தட்டைக் கையால் பிடிப்பது கூடவே கூடாது. நீண்ட கைப்பிடி உண்டு. ஈய அங்கி சிதறும் கதிரைத்தான் தடுக்கும், நேர்க்கதிரை அல்ல. தூரம் இரட்டித்தால் கதிர் நாலில் ஒன்றாகும், அதுவே மலிவான பாதுகாப்பு.

மலைக் குளிரில் வைத்த தட்டை வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவந்ததும் இயக்காதீர்கள். அதில் நீர் வியர்க்கும். அதைச் சுமக்கும் உறைக்குள்ளேயே வைத்து, சூடு சமப்பட்ட பிறகு திறங்கள். குளிரில் பற்றரியும் சீக்கிரம் இறங்கும்.

இன்னொன்று: மயிரிழை விரிசல் முதல் நாளில் தெரியாமலிருக்கலாம். நொண்டல் தீரவில்லையென்றால் 10 முதல் 14 நாட்களில், அதே கோணத்தில், மீண்டும் எடுக்க வேண்டும்.